கண்ணை மூடினால் எந்த நாட்டுத் தொடர்? கொரியன், ஜப்பான், சீனத் தொடர்களைக் காதால் பிரிப்போருக்கான திரி

#1

கதை, ஹீரோ, அழுகைக் காட்சி எல்லாம் வேற திரியில் ஓடுது. இங்கே காதுக்கு மட்டும் வேலை. மூல ஒலியிலேயே பார்க்கிறவர்கள், எந்தத் தொடரில் என்ன கேட்டது, எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள். “கொரியன் கேக்க ஸ்வீட்டா இருக்கு” மாதிரி பதிவுகள் வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே கதை நாலு இடத்தில் எடுக்கப்பட்டது நம் அதிர்ஷ்டம். ‘ஹனா யோரி டாங்கோ’ என்ற ஜப்பானிய மங்கா (படக்கதை). 2001-ல் தைவானில் ‘மீட்டியர் கார்டன்’, 2005-ல் ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் மூலப் பெயரிலேயே, 2009-ல் கொரியாவின் கேபிஎஸ்ஸில் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’, 2018-ல் சீனாவின் ஹூனான் டிவியில் மறுபடி ‘மீட்டியர் கார்டன்’. ஏழைப் பெண், திமிர் பிடித்த பணக்காரப் பையன், அதே பள்ளிக்கூடச் சண்டை. தைவானிலும் சீனாவிலும் மட்டும் கல்லூரி.

நாயகன் பெயரை மட்டும் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். ஜப்பானில் அவன் குடும்பப் பெயர் தோம்யோஜி. எழுத்து மூன்றுதான், ஆனால் இரண்டு இடத்தில் நெடில். ஐந்து தாள அடியாக நீட்டிச் சொல்வார்கள். அதே மூன்று எழுத்தைத் தைவானில் மாண்டரினாக (பொதுச் சீனமாக)ப் படித்து, தாவ் மிங் ஸு என்று முழுப் பெயராக்கிவிட்டார்கள். எழுத்துக்கு ஓர் அசை, அசைக்கு ஒரு தொனி: இறக்கம், ஏற்றம், இறக்கம். நாயகி கோபத்தில் கத்தும்போதுகூட அந்த இறக்கம்-ஏற்றம்-இறக்கம் கலையாது. கொரியாவில் பெயரையே கூ ஜுன்-பியோ என்று மாற்றியாச்சு. அங்கே கோபம் பெயரில் இல்லை, அதற்கு முன்னால் வரும் “யா!”விலும், வினைமுற்றின் கடைசியில் காணாமல் போகும் ‘யோ’ என்ற மரியாதை விகுதியிலும் இருக்கிறது.

மொழியைப் பிரிக்கச் சுருக்கு வழி: சொல் எதில் முடிகிறது என்று கேளுங்கள். மாண்டரினில் உயிர், இல்லாவிட்டால் ன், ங். பெய்ஜிங் பேச்சில் கூடுதலாக நாக்கை மடக்கிய ஒரு ர். ஜப்பானியத்தில் உயிர், இல்லாவிட்டால் ஒரு மூக்கொலி. கொரியனிலும் ஹாங்காங் பேச்சான காண்டனீஸிலும் ப், ட், க் என்று காற்றை வெளியே விடாமல் சட்டென்று அடைக்கும் முடிவுகள் உண்டு. ‘பத்து’ மாண்டரினில் ஷி, காண்டனீஸில் சப், கொரியனில் ஷிப், ஜப்பானியத்தில் ஜூ. எல்லாம் ஒரே பழைய சீனச் சொல்லிலிருந்து வந்தவை. கடைசி ப் எங்கே நின்றது, எங்கே கரைந்தது என்பதைக் காதே சொல்லிவிடும்.

#2

கொரியன் பற்றி நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தமிழ்க் காதுக்கு அது பழகின மாதிரி கேட்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நம் ‘க’ சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் (கடல்) நடுவில் வேறு மாதிரியும் (அகல்) ஒலிக்கிறதே, கொரியனின் சாதாரண க, த, ப வரிசையும் அதே விதியில்தான் ஓடுகிறது: முதலில் அழுத்தம், இரு உயிருக்கு நடுவில் மெலிவு. ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி என்பது அவர்களுக்கும் உறுத்துவதில்லை. இரண்டாவது, ‘அது’, ‘காடு’ என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் நம் குற்றியலுகரம். அதற்கு மிக நெருங்கிய ஓர் உயிர் கொரியனில் தனி எழுத்தாகவே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வாலில் அதை ஒட்டவும் செய்கிறார்கள். நம்மூர் ‘பஸ்ஸு’க்கு அங்கே ‘பொஸு’.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், மூவகை வல்லொலியில். சாதாரணம், இறுக்கம், ஊதல் என்று மூன்று. நிலா, மகள், முகமூடி மூன்றுமே நமக்கு ‘தல்’ என்றுதான் விழும். ஆஸ்பத்திரிக் காட்சியில் குழந்தை “அப்பா, அப்பா” என்று அழுகிற மாதிரி கேட்கும், பக்கத்தில் நிற்பது அம்மாவாக இருக்கும். அது அப்பா இல்லை, ‘வலிக்குது’. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: அப்பாவுக்குத் தொண்டை இறுகும், கையில் காற்று படாது, வலிக்கு ப-வின் பின்னால் காற்று கையில் அடிக்கும். சொல்லின் முதலில் வந்தால் இன்னொரு துப்பும் உண்டு. இன்றைய சியோல் இளைஞர்கள் பேச்சில் ஊதல் ஒலிக்குப் பின் குரல் மேலே போகும், சாதாரண ஒலிக்குப் பின் தாழும். காற்றைத் தவறவிட்டால் சுருதியைப் பிடியுங்கள்.

இன்னொரு தொல்லை, ‘ஆமாம்’ என்பதற்கான ‘நே’ பல நேரம் ‘தே’ என்று கேட்பது. உங்கள் காதில் கோளாறு இல்லை. சொல்முதலில் வரும் மூக்கொலி அங்கே மூக்கை விட்டு நழுவுகிறது.

முக்கியமானது வாக்கியத்தின் வால். வினை கடைசியில் வருவதால் மரியாதையும் கடைசியில்தான் வரும், நம் ‘வா’, ‘வாங்க’ போல. ‘ஸ்க்விட் கேம்’ (2021) முதல் பருவத்தில் அனுபம் திரிபாதி நடித்த அலி, கூட ஆடும் சாங்-வூவை முதலில் ‘சஜாங்நிம்’ என்கிறான், அதாவது முதலாளி. பிறகு சாங்-வூவே ‘ஹ்யொங்’ என்று கூப்பிடச் சொல்கிறான். ஆண் ஆணை அழைக்கும் அண்ணன் அது. அதைக் காதில் வாங்காமல் ஆங்கில வரிகளில் மட்டும் பார்த்தவருக்குக் கோலிக்குண்டு ஆட்டத்தில் அலிக்கு நடந்ததன் துரோகம் பாதிதான் உறைக்கும். தமிழ் ஒலிமாற்றத்தில் (டப்பிங்) இந்த இடங்கள் ஆங்கிலத்தைவிட நன்றாக உட்காரும்; நீ–நீங்க நம்மிடமே இருக்கிறதே.

அதே தொடரில் வடகொரியாவிலிருந்து தப்பி வந்த சே-ப்யொக் மற்ற ஆட்டக்காரர்களிடம் சியோல் பேச்சு, தம்பியிடம் வடகொரியப் பேச்சு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வட்டார வழக்கில் தொடங்க ‘ரிப்ளை 1997’ (2012) நல்லது. களம் பூசான் நகரம், முக்கிய நடிகர்கள் இருவரும் அந்தப் பக்கத்து ஆட்கள். அங்கே சுருதி பொருளை மாற்றும். ‘என்ன, எங்கே’ வகைக் கேள்வி ‘நோ’வில் முடியும், ‘ஆமாமா இல்லையா’ வகைக் கேள்வி ‘நா’வில் முடியும். ‘சாப்பிட்டியா’ அங்கே ‘பப் மொகொன்னா’. ஜேஜு தீவுப் பேச்சு வேறு உலகம். ‘அவர் ப்ளூஸ்’ (2022) கொரியாவில் ஒளிபரப்பானபோதே கொரிய வசன வரிகள் போட்டார்கள்.

#3

#2 படித்ததும் யாராவது “அப்போ கொரியன் தமிழிலிருந்து வந்ததுதானே” என்று ஆரம்பிப்பதற்கு முன்னால்: இல்லை. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்றவை குழந்தை வாயில் எங்கும் பிறப்பவை. ‘வா’ என்பதற்குக் கொரியனிலும் ‘வா’ என்பது தற்செயல். ரசிக்கலாம், வாட்ஸாப்பில் பரப்ப வேண்டாம்.

#4

ஜப்பானியத்துக்கு யாப்பிலக்கணம் படித்தவர்கள் பாக்கியசாலிகள். எல்லாம் மாத்திரைக் கணக்கு. ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. ஒரு நெடில் தவறினால் அத்தைக்கு வயதாகிவிடும். ‘கிதெ’, ‘கித்தெ’ என்ற ஒற்றிரட்டலும் பொருளை மாற்றும். ஒரே வேறுபாடு: நம் கணக்கில் மெய்க்கு அரை மாத்திரை, அவர்களுக்கு அந்த ஒற்றும் சொல்லிறுதி மூக்கொலியும் முழு அடி. அதனால்தான் ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில் விழுகிற மாதிரி கேட்கிறது.

எழுதும்போதுதான் தமிழ் நம்மைக் கவிழ்க்கும். ஜப்பானியத்தில் நடுவில் வரும் க, த மெலியாது. ‘தனகா’ என்று எழுதினால் நம் வாய் அதை மெலிந்த க-வாகப் படிக்கும். ‘தனக்கா’ என்று எழுதினால் இல்லாத ஒற்று வந்து ஓர் அடி கூடும். சரியான வழியே கிடையாது. நான் ஒற்றுப் போட்டே எழுதுகிறேன். மெலிவதைவிட அது பரவாயில்லை.

இன்னொன்று, விழுங்கப்படும் உயிர்கள். ‘தெஸு’ என்பது காதில் ‘தெஸ்’, ‘ஸுகி’ என்பது ‘ஸ்கி’. எழுத்தைப் பார்த்துக் கற்றவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சுருதியும் உண்டு, சீனம் மாதிரி அசைக்கு அசை இல்லை. சொல்லுக்குள் எங்கே இறங்குகிறது என்பதே கணக்கு. தோக்கியோவில் ‘ஹஷி’ மேலிருந்து இறங்கினால் சாப்பிடும் குச்சி, கீழிருந்து ஏறினால் பாலம். ஒசாக்கா பக்கம் போனால் இது தலைகீழ். ஒசாக்கா வழக்கு கேட்க வேண்டுமா, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலைத் தொடர்களில் அக்டோபர்–மார்ச் பருவத்துத் தொடரை எடுங்கள். வழக்கமாக அதை ஒசாக்கா நிலையம் தயாரிக்கும், ஏப்ரல்–செப்டம்பர் தோக்கியோ.

தொடர் வசனம் ஊரே பேசும் பேச்சானதற்கு 2013 உதாரணம். அந்த ஆண்டின் சொல் விருதைப் பகிர்ந்த நான்கில் இரண்டு தொடர்களிலிருந்து வந்தவை: ‘அமச்சான்’ தந்த வியப்புச் சொல் ‘ஜெஜெஜெ’, ‘ஹன்சாவா நவோக்கி’யின் ‘பைகயெஷி’, இரட்டிப்பாய்த் திருப்பித் தருவேன். முதலாவது வடகிழக்கு இவாத்தே கடற்கரைப் பேச்சு. வியப்பு கூடினால் ‘ஜெ’யின் எண்ணிக்கையும் கூடும்.

#5

இலங்கையில இருந்து ஒரு சின்னச் சேர்க்கை. ‘ஓஷின்’ (1983–84, 15 நிமிசப்படி 297 பாகம்) ரூபவாஹினியிலும் போனது, எங்கட பக்கம் பேர் தெரியாத ஆக்கள் குறைவு. அதை மூல ஒலியில கேட்டால் சின்ன வயசு ஓஷின் வீட்டில யமகத்தாப் பேச்சு. #4 சொன்ன ‘நடுவில மெலியாது’ எண்ட விதி அங்க செல்லாது. வடகிழக்கு வழக்குகளில ‘இக்கு’ எண்டதை மெலிய வைச்சு ‘இகு’ எண்டு சொல்லுவினம், எங்கட வாய்க்கு அதுதான் லேசு.

#6

சீனத் தொடர் என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் கேட்கும் குரல் அந்த முகத்தினுடையதாக இல்லாமல் இருக்கலாம். ‘எம்ப்ரஸஸ் இன் தி பேலஸ்’ (2011, 76 பாகம்) தொடரில் நாயகி சுன் லியின் குரல் ஜி குவான்லின் என்ற ஒலிக்கலைஞருடையது. 2006-ல் லியூ யிஃபெய் நடித்த ஷியாவ்லோங்னூ என்ற பாத்திரத்துக்கும் அவர்தான். இது நடிகை பேசத் தெரியாததால் அல்ல. ஜேஜியாங் மாநிலத்து ஹெங்டியனில் அரண்மனையின் முழு அளவு நகல் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே வளாகத்தில் பல படக்குழுக்கள், சுற்றுலாக் கூட்டம், பக்கத்துக் குழுவின் கத்தல், பட்டு உடைக்குள் மைக் உரசும் சத்தம். அதோடு ஹாங்காங், தைவான், தென்சீன நடிகர்களின் உச்சரிப்பு ஒன்றுக்கொன்று ஒட்டாது. தணிக்கைக்குப் பின் வசனமும் மாறும். ஒலிக்கூடத்தில் மறுபடி பேச வைப்பதுதான் சிக்கனம்.

கண்டுபிடிக்கும் வழி: ஆள் முற்றத்திலிருந்து மண்டபத்துக்குள் நடந்து போகும்போது குரலின் எதிரொலி மாறுகிறதா பாருங்கள். மாறாமல் காதோரம் பேசுகிற மாதிரியே இருந்தால் ஒலிமாற்றம். ப, ம வரும்போது உதடு மூடுகிறதா என்பதும் உதவும், ஆனால் கைதேர்ந்தவர்கள் அதில் மாட்டமாட்டார்கள்.

இதனால் லாபமும் உண்டு. தொனி பழகுபவர்களுக்கு அரண்மனைத் தொடர் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவு. மூன்றாம் தொனியைப் பாடத்தில் ‘இறங்கி ஏறும்’ என்பார்கள். ஓடும் பேச்சில் அது பெரும்பாலும் கீழேயே கிடக்கும். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ஏற்றமாகிவிடும், ‘நீ ஹாவ்’ போல. இதைத் தெரியாமல் கேட்பவர் அகராதியில் தேடித் தேடிச் சோர்ந்துபோவார். மரியாதையை வினையில் தேடாதீர்கள், அது ‘நான்’ என்பதில் இருக்கிறது: பேரரசர் ‘ஜென்’, அரசரின் முன் மனைவியர் ‘சென்சியே’, கீழுள்ளவர்களிடம் அதே அரசி ‘பென்கோங்’. யார் யாருக்கு முன் நிற்கிறார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் தெருப் பேச்சு அதுவல்ல. தைவான் தொடர்களில் ஷ, ஸ இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், வாக்கிய முடிவில் ‘லா’, ‘ஓ’ மிதக்கும். மடக்கு ஒலி நமக்கு எளிது என்பதால் தமிழர்கள் பெய்ஜிங் உச்சரிப்பைச் சீக்கிரம் பிடித்துவிட்டுத் தைவான் தொடரில் திணறுவதுண்டு.

#7

காண்டனீஸை விட்டுவிட வேண்டாம். ஹாங்காங்கின் டிவிபி தொடர்கள், ஆறு தொனி, மேலே சொன்ன ப்-ட்-க் அடைப்புகள். வாக்கியக் கடைசியில் வரும் ஒற்றை அசைதான் பேசுகிறவரின் மனநிலை: ‘லோ’ என்றால் ‘அதான் தெரியுமே’, ‘வோ’ என்றால் ‘அட, அப்படியா’. ஷாங்காய்ப் பேச்சு கேட்க இயக்குநர் வொங் கார்-வாயின் ‘ப்ளாஸம்ஸ் ஷாங்காய்’ (2023 டிசம்பரில் தொடங்கியது, 30 பாகம்). ஷாங்காய்ப் பேச்சிலும் மாண்டரினிலும் இரண்டு வடிவம் வந்தது. அதே காட்சியை இரண்டிலும் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

#8

கேட்கும் முறை. இரண்டு பேர் மட்டும் பேசும், பின்னணி இசை இல்லாத இரண்டு நிமிடக் காட்சியை எடுங்கள். வசன வரிகளை அணைத்து ஒரு தடவை. அடுத்து 0.75 வேகத்தில், கொரியன் என்றால் எத்தனை வாக்கியம் ‘யோ’வில் முடிகிறது என்று மட்டும் எண்ணுங்கள், நடுவில் ‘யோ’ நின்றுபோன இடம்தான் காட்சி திரும்பும் இடம். மூன்றாவதாக மூல மொழி வசன வரிகளோடு. 0.5-க்குப் போகாதீர்கள், ஊதலும் தொனியும் இழுபட்டு வேறாகிவிடும்.

டிவி ஸ்பீக்கரில் வசனம் அமுங்கினால் ஒலி அமைப்பைப் பாருங்கள். 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான) தடத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கானது. இரண்டு ஸ்பீக்கர் டிவி அதைச் சுருக்கும்போது இசை மேலே வந்து பேச்சு கீழே போகலாம். ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் இயர்போன். காற்றொலிக்கு இயர்போன்தான் சரி.

தமிழ் ஒலி வைத்துக்கொண்டு ஆங்கில வரிகளைப் போடுகிறவர்கள் “இரண்டும் பொருந்தலையே” என்று புகார் சொல்வதைப் பார்க்கிறேன். பொருந்தாது. ஒலிமாற்ற வசனத்தை வாயசைவுக்கு ஏற்ற நீளத்தில் தனியாக எழுதுகிறார்கள். வசன வரியை வாசிக்கும் வேகத்துக்கு ஏற்ப வெட்டுகிறார்கள், நெட்ஃப்ளிக்ஸில் ஆங்கிலம் என்றால் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குள். அந்தக் கணக்கில் முதலில் பலியாவது ‘அண்ணா’, ‘அக்கா’, ‘சார்’ போன்ற விளிகள்தான்.