ஆர்.ஈ.எம்.மின் 'ரெக்கனிங்': முதல் ஆல்பத்தின் நிழலில் நிற்க வேண்டியதுதானா?

பழையடேப்:
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ராக் இசைக்குழு ஆர்.ஈ.எம். என்று பேச்செடுத்தால் 1983-இல் வந்த முதல் ஆல்பமான 'மர்மர்' ஆல்பத்தைப் புகழ்ந்துவிட்டு, நேராகத் தொண்ணூறுகளின் பெரிய ஹிட்டுகளுக்குத் தாவிவிடுகிறோம். 1984 ஏப்ரலில் வந்த இரண்டாவது ஆல்பம் 'ரெக்கனிங்' பற்றி "நல்லாத்தான் இருக்கும், ஆனா மர்மர் மாதிரி வராது" என்று ஒரே வரி. எனக்கு இது ரொம்ப நாள் மனக்குறை. அந்த நான்கு பேர் ஓர் அறையில் சேர்ந்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டியது இதைத்தான்.

'சவுத் சென்ட்ரல் ரெய்ன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் பக் கிட்டாரில் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டு வருகிறார். கூப்பிடாமல் போன ஒரு தொலைபேசி அழைப்பு பற்றிய பாட்டு. பல்லவி என்று பார்த்தால் "மன்னித்துக்கொள்" என்ற ஒரே சொல், திரும்பத் திரும்ப. கடைசியில் பியானோ தட்டத் தட்டப் பாடகர் மைக்கேல் ஸ்டைப் சொற்களை விட்டுவிட்டு வெறுமனே ஓலமிடுகிறார். மர்மரில் எங்கேயும் அந்த மனிதர் இப்படி வாய்விட்டு அழவில்லை.

குட்சூக்கொடி:
நான் மர்மர் கட்சி. அதன் அட்டையில் ஜார்ஜியா மண்ணையே மூடிக்கிடக்கும் அந்தக் கொடியின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் பாரபட்சம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆல்பமும் வட கரோலினாவின் சார்லட் நகரில் அதே ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டுடியோவில், அதே மிட்ச் ஈஸ்டர், டான் டிக்ஸன் தயாரிப்பில் பதிவானவை. முதலாவதில் அடுக்கடுக்காக ஓசைகளை வைத்தார்கள், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உள்ளே இன்னொன்று கிடைக்கும். இரண்டாவதில் மேடையில் வாசித்துப் பழகிய பாட்டுகளைச் சில வாரங்களில் பதிந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். 'செகண்ட் கெஸ்ஸிங்' பாட்டெல்லாம் கச்சேரியில் துள்ள வைக்கும், வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டால் மூன்றாவது தடவைக்கு மேல் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பழையடேப்:
அவசரம் என்று நீங்கள் சொல்வதை நான் நம்பிக்கை என்பேன். 1983 அக்டோபரில் லெட்டர்மேன் நிகழ்ச்சிக்கு முதல் தடவை போனபோது இரண்டாவதாக வாசித்தது இந்த 'சவுத் சென்ட்ரல் ரெய்ன்'தான். பாட்டுக்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை. நாடு முழுக்கப் பார்க்கும் தொலைக்காட்சியில் பெயரில்லாத பாட்டை வாசிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஸ்டுடியோவிலும் எல்லாம் லேசில் முடிந்துவிடவில்லை. '7 சைனீஸ் பிரதர்ஸ்' பதிவின்போது ஸ்டைப்புக்குக் குரலே எழும்பவில்லை, முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டிக்ஸன் அங்கே கிடந்த ஒரு பழைய கிறிஸ்தவப் பக்திப் பாடல் இசைத்தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஸ்டைப் அதன் பின்னட்டையில் அச்சாகியிருந்த வாசகத்தை, பாடியவர்கள் பெயர் உட்பட, அப்படியே இந்த மெட்டில் பாடிவிட்டார். அதற்கப்புறம்தான் குரல் திறந்தது. பின்னட்டையைப் பாடியதும் 'வாய்ஸ் ஆஃப் ஹெரால்ட்' என்று தனியாக வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கூச்ச சுபாவமுள்ள ஒருவர் தன் குரலைக் கண்டுபிடிக்கிற அந்த இடம் காதில் விழும்.

டிரம்குச்சி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஸ்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் டிரம்ஸ் வாசிப்பவன், எனக்கு ரெக்கனிங் என்றால் டிரம்மர் பில் பெரியும் பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் மில்ஸும்தான். மர்மரில் டிரம்ஸ் ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி, இங்கே பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல. 'ஹார்பர்கோட்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். மூன்று பேர் பாடுகிறார்கள், ஒருவர் வார்த்தையை இன்னொருவர் வாங்கவில்லை, அவரவர் வழியில் போகிறார்கள். அப்படியிருந்தும் இடிக்கவில்லை. மில்ஸின் பேஸ் கிட்டார்தான் எல்லாரையும் பிடித்து வைத்திருக்கிறது. வெறும் தாளத்துக்கு வாசிக்காமல் தனியாக ஒரு மெட்டே போடுகிறார் மனிதர்.

குட்சூக்கொடி:
டிரம்குச்சி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அந்த மூன்று குரல் வேலைப்பாடு அருமை. ஆனால் ஆல்பமாக ஒன்றுசேர்கிறதா என்பதுதான் என் கேள்வி. 'ராக்வில்' பாட்டு இதில் எப்படி உட்கார்கிறது? திடீரென்று நாட்டுப்புற கன்ட்ரி இசை. மேடையில் வேகமாக வாசித்துக்கொண்டிருந்த பாட்டு அது. தங்கள் வழக்கறிஞர் பெர்டிஸ் டௌன்ஸுக்குப் பிடிக்கும் என்று இப்படி மெதுவாக்கிப் பதிந்தார்கள். நண்பருக்குச் செய்த அன்பளிப்பு என்றால் சரி, ஆல்பத்துக்கு அது எதற்கு?

பழையடேப்:
ராக்வில்லைத் தொட்டுவிட்டீர்கள், இனி விட மாட்டேன். மில்ஸ் எழுதியது. ஒரு பெண் மேரிலாந்தில் இருக்கும் தன் ஊரான ராக்வில்லுக்குத் திரும்புகிறாள், போகாதே என்கிறான். அவ்வளவுதான் கதை. வேகமாக வாசித்தால் அது கிண்டலாகப் போயிருக்கும். மெதுவாக்கியதால்தான் கெஞ்சல் ஆனது. ஸ்டைப் என்ன பாடுகிறார் என்றே புரியாது என்று சொல்வார்களே, இதில் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது.

ஒன்றுசேர்கிறதா என்று கேட்டீர்கள். ஆல்பத்தின் முதுகில் 'ஃபைல் அண்டர் வாட்டர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கடையில் தண்ணீர் என்ற பிரிவில் அடுக்குங்கள் என்பது போல. மழை, துறைமுகம், கடலையே விழுங்கும் சகோதரர்கள் என்று பாட்டுக்குப் பாட்டு தண்ணீர் ஓடுகிறது. அட்டையில் ஸ்டைப் கோட்டுருவமாக வரைந்து கொடுத்த இரட்டைத் தலைப் பாம்பின் உடம்பை ஹோவர்ட் ஃபின்ஸ்டர் நிரப்பியிருக்கிறார். பழைய குப்பையையும் உடைந்த சாமான்களையும் வைத்து ஜார்ஜியாவில் ஒரு தோட்டத்தையே கட்டிய போதகர் அவர். அந்தப் பாம்பும் எனக்கு ஓர் ஆறு மாதிரிதான் தெரிகிறது.

குட்சூக்கொடி:
அட்டை அழகு, மறுக்கவில்லை. முதுகில் ஒரு வாசகம் அச்சடித்துவிட்டால் பாட்டுகள் சேர்ந்துவிடாது. 'பிரிட்டி பர்சுவேஷன்' பாட்டில் எங்கே தண்ணீர்?

டிரம்குச்சி:
தண்ணீரை விடுங்கள். 'கேமரா' பற்றி இருவருமே ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

பழையடேப்:
வேண்டுமென்றே விட்டேன், அதைப் பற்றி வாதம் செய்ய மனம் வரவில்லை. கார் விபத்தில் இறந்துபோன தோழி, புகைப்படக்காரர். அவருக்கான பாட்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகிறது, அவசரமே இல்லை. கிட்டார் நடுநடுவே நின்றுவிடுகிறது, அந்த இடைவெளியை யாரும் நிரப்புவதில்லை.

குட்சூக்கொடி:
நேற்று ராத்திரி 'கேமரா'வை மட்டும் இரண்டு தடவை கேட்டேன். இவ்வளவு நாள் அதை இழுவை என்று தாண்டிப் போயிருக்கிறேன், யாருக்கான பாட்டு என்றும் தெரியாது. மர்மரில் 'பர்ஃபெக்ட் சர்க்கிள்' எனக்கு எந்த இடத்தில் இருக்கிறதோ அதன் பக்கத்தில் இதை வைத்துவிட்டேன். மொத்த ஆல்பமாக மர்மர்தான் மேலே, அதில் மாற்றமில்லை. 'செகண்ட் கெஸ்ஸிங்' பற்றிச் சொன்னதும் அப்படியே நிற்கிறது.

பழையடேப்:
'செகண்ட் கெஸ்ஸிங்' பாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக நான் சண்டை போடப் போவதில்லை. 'லெட்டர் நெவர் சென்ட்' ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் ஒரு ராத்திரி கேட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.