ஜோன்ஸ் - ரேயஸ் சண்டை: 49-46 எப்படி வந்தது?

வணக்கம். எம்எம்ஏ (அடி, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) மதிப்பெண் முறை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

2020 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த யுஎஃப்சி 247 (யுஎஃப்சி என்பது எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் நிறுவனம்) சண்டையை நேற்றிரவு மச்சானோடு மறுபடி பார்த்தேன். ஜான் ஜோன்ஸும் டொமினிக் ரேயஸும் மோதியது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ரவுண்டு ரவுண்டாக நானே மதிப்பெண் போட்டேன். முதல் மூன்று ரேயஸுக்கு, கடைசி இரண்டு ஜோன்ஸுக்கு. ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று கூட்டினால், 48-47 ரேயஸ்.

ஆனால் மூன்று நடுவர்களும் ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். இரண்டு பேர் 48-47. சரி, மூன்றாவது ரவுண்டு இழுபறி என்று விட்டுவிடலாம். இன்னொருவர் 49-46! அப்படியென்றால் ரேயஸுக்கு ஒரே ஒரு ரவுண்டுதானா? முதல் இரண்டில் ஒன்றை ஜோன்ஸ் எங்கே வென்றார்?

"ஜோன்ஸ் முன்னாடி வந்துகிட்டே இருந்தாரு, ரேயஸ் பின்னாடியே போனாரு" என்கிறான் மச்சான். எனக்குத் தெரிந்து, முதலில் பார்க்க வேண்டியது அடியும் மல்யுத்தப் பிடியும் எவ்வளவு பாதித்தது என்பதைத்தான். அது சமமாக இருந்தால்தான் ஆக்ரோஷம், அதுவும் சமமென்றால் கூண்டில் யார் கை ஓங்கியது என்று வரும். நான் புரிந்துகொண்டது தப்பா?

இன்னொன்று: கீழே தள்ளப்பட்டவர் உடனே எழுந்துவிட்டால் அந்தத் தள்ளலுக்கு எவ்வளவு மதிப்பு?

யாராவது இரண்டாவது ரவுண்டை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு பிரியாணி பந்தயம் தொங்கிக்கொண்டிருக்கிறது.