சோழவந்தான் பக்கத்துப் பழைய பண்ணையில் கூடி வரைவது பற்றி

மாசிவீதி:
மதுரையில் ஞாயிறுதோறும் கூடி நீர்வண்ணம் பழகும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தை மாதத்தில் ஒரு நாள் சோழவந்தானை அடுத்த பழைய பண்ணை ஒன்றுக்குச் சென்று, அங்குள்ள ஓட்டு வீடு, மாடு பூட்டி நீர் இறைத்த கமலைக் கிணறு, களம், வெற்றிலைக் கொடிக்கால் ஆகியவற்றை நேரில் பார்த்து வரைய எண்ணியுள்ளோம். பண்ணைக்காரரும் இசைந்துவிட்டார். வெட்டவெளியில் வரைந்த பழக்கம் எங்களில் பலருக்கு இல்லை என்பதால், அனுபவமுள்ளோர் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தூரிகைக்காரர்:
விடிந்தவுடன் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்; அதற்குப் பிறகு நிழல் சுருங்கி, ஓட்டுச் சரிவும் சுவரும் ஒன்றுபோல் வெளிறிவிடும். அமர்ந்தவுடன் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அது நகர்ந்தாலும் படத்தில் மாற்றாதீர்கள். தாளில் நேர் வெயில் பட்டால் கண் கூசி, தேவைக்கு மேல் அடர்த்தியாகப் பூசிவிடுவோம். வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் படம் இருண்டு கிடப்பது தெரியும். வண்ணக் குடை தாளின்மேல் தன் சாயலை ஏற்றும் என்பதால் கறுப்புக் குடையே நல்லது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள (300 ஜிஎஸ்எம்) தடித்த தாள் ஈரத்தில் அவ்வளவாக நெளியாது. வயலின் பச்சையைக் குழாயிலிருந்து பிழிந்தபடியே பூசாமல், சிறிது பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணம் கலந்து அடக்குங்கள்.

வைகைக்கரையான்:
இப்பகுதியில் விவசாயம் பார்ப்பவன் என்ற முறையில் சில சொல்கிறேன். சோழவந்தான் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதால் எல்லோருக்கும் கொடிக்காலுக்குள் நின்று வரையத்தான் ஆசை வரும். ஆனால் செருப்புடன் உள்ளே விடமாட்டார்கள். கொடி படரும் அகத்தி வரிசைகளுக்கு நடுவே பலகையை விரித்து உட்காரவும் இடமிராது. வெளியே வரப்போரம் இருந்து வரைவதே முறை. நெல்லைப் பொறுத்தவரை, வைகை ஆற்றின் குறுக்கேயுள்ள பேரணையில் பிரியும் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனால் நடவும் தள்ளிப்போகும். ஆகவே தையில் வயல் பச்சையாக இருக்குமா, கதிர் முற்றியிருக்குமா என்று பண்ணைக்காரரைக் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள். நெல் காயும் களத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. சில வண்ணங்களில் கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் இருப்பதால், தூரிகை கழுவிய நீரை வாய்க்காலிலோ கிணற்றிலோ கொட்டாமல் பாட்டிலில் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

பழைய மாணவி:
பன்னிரண்டு பேரும் கமலைக் கிணற்றையே சூழ்ந்துகொள்வீர்கள் என்பது என் ஊகம். கல்தூண்களைவிட, மாடுகள் தண்ணீர்ச் சால் இழுத்து இறங்கிய சரிவுதான் அதில் பார்க்கத்தக்கது. அதைப் பக்கவாட்டிலிருந்து வரைந்தால்தான் கிணறு எப்படி இயங்கியது என்பது படத்தில் விளங்கும்.

மாசிவீதி:
மூவருக்கும் நன்றி. பண்ணைக்காரரிடம் பயிரின் நிலையைக் கேட்ட பிறகே செல்லும் நாளை முடிவு செய்கிறோம். கழுவிய நீருக்கு ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.