12 மாவட்டத்தில் 9 மாவட்டம் முழு மதிப்பெண் வாங்குகிறதே, கோளாறு எங்கே?

காட்பாடி ஆய்வு மாணவி:
போட்ட காசுக்கும் ஆளுக்கும் ஒவ்வொரு மாவட்டமும் எவ்வளவு புதுமை கறக்கிறது என்று டிஇஏ முறையில் (சிறந்தவரை அளவுகோலாக வைத்து மற்றவரை அளக்கும் திறன் கணக்கு; முழு மதிப்பெண் 1) கணக்குப் போடுகிறேன். உள்ளே போவது ஆய்வுச் செலவு, ஆய்வாளர் எண்ணிக்கை, பொறியியல் பட்டதாரிகள். வெளியே வருவது காப்புரிமை, ஆய்வுக் கட்டுரை, புதுப் பொருள் விற்பனை. 12 மாவட்டத்தில் 9 சரியாக 1 வாங்கி நிற்கிறது. வேலூரும் 1. ராணிப்பேட்டை மட்டும் அதலபாதாளம். ராத்திரி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மென்பொருள் கோளாறா?

புள்ளியியல் வாத்தியார்:
மென்பொருள் மேல் பழி வேண்டாம்மா. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-ல் கொடுத்த வடிவமே, எந்த எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்ற எடையை ஒவ்வொரு மாவட்டமும் தனக்குச் சாதகமாகத் தானே போட்டுக்கொள்ள விடுகிறது. எண் வகை அதிகம், மாவட்டம் குறைவு என்றால் முக்கால்வாசிப் பேர் 1 வாங்கிவிடுவார்கள். உங்களிடம் உள்ளே மூன்றும் வெளியே மூன்றும் ஆறு. அதற்கு மும்மடங்கு, 18 மாவட்டமாவது வேண்டும் என்பது கைக்கணக்கு. அந்த ஆறில் ஒன்றிரண்டைத் தூக்குங்கள்.

ஆம்பூர் தோல்காரன்:
26 வருடம் டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) இருந்தவன், என் வேலையில் வைத்தே சொல்கிறேன். ஒரே லாரியில் வந்த ஆட்டுத்தோல், பதனிட ஒரே குரோம் ரசாயனம். ஒருவர் நல்ல சதுர அடி எடுப்பார். இன்னொருவர் சுண்ணாம்பில் கூடுதலாக ஊறவிட்டுக் கோட்டைவிடுவார். அதிகம் எடுத்தவர்தான் கோடு, மற்றவர்களை அதிலிருந்து அளக்கிறோம். இதில் சண்டை வராது, சதுர அடியை மெஷின் அளந்து தோலின் பின்பக்கமே போட்டுவிடும். புதுமைக்கு அப்படி மெஷின் ஏது?

1996-ல் உச்ச நீதிமன்றம் டேனரி மாசு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு கழிவுநீர்தான் எங்கள் தலைவலி. குரோம் தண்ணீரை வடிகட்டி மறுபடி டிரம்முக்கே அனுப்பும் வழியை ராணிப்பேட்டையில் ஷூவெல்லாம் பச்சையாக நின்று சரிசெய்தோம். காப்புரிமை விண்ணப்பத்தில் போட்ட முகவரி சென்னைத் தலைமை அலுவலகம்! உங்கள் தாளில் எங்கள் சம்பளம் ராணிப்பேட்டைச் செலவு, காப்புரிமை சென்னை வரவு. அதுவாவது பரவாயில்லை, பாதி வேலைக்கு விண்ணப்பமே போடவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினாரே, அதைக் காப்புரிமைப் பட்டியலில் தேடினால் கிடைக்குமா?

காட்பாடி ஆய்வு மாணவி:
அண்ணா, நான் விண்ணப்பதாரர் முகவரியைத்தான் எடுத்திருக்கிறேன். கண்டுபிடித்தவர் முகவரிக்கு மாற்றுகிறேன்.

புள்ளியியல் வாத்தியார்:
இன்னொன்று. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டும் 2019-ல் பிரிந்தவை. அதற்கு முந்திய கணக்கு பழைய வேலூருக்குள் கிடக்கும். விண்ணப்பம் வெளியாகவே 18 மாதம் ஆகும், ஆகவே காப்புரிமை வந்த வருடத்துக்கு இரண்டு வருடமாவது முந்தைய செலவை எடுங்கள்.

காட்பாடி ஆய்வு மாணவி:
வேலூரோடு சேர்த்து மூன்றையும் ஒன்றாக ஒட்டினால் 12 மாவட்டம் 10 ஆகிறது சார்!

புள்ளியியல் வாத்தியார்:
சரி, மூன்று வருடத்தைச் சேர்த்து ஒவ்வொரு மாவட்ட-வருடத்தையும் தனி ஆளாக வையுங்கள், 30 வரும். பட்டதாரிகளையும் எடுத்துவிடுங்கள், பாதிப் பேர் பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள்.