மறு: "ஓம்புயிர்-நோய்க்கிருமி இடைவினை" என்பதற்கு வேறு சொல் உண்டா?

எல்லோருக்கும் வணக்கமுங்க.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூன்று நாளாக ஓடும் இந்தப் பேச்சை நாமக்கல்லிலிருந்து பல்லடம் வரும் பேருந்தில்தான் முழுக்கப் படித்தேன். கிருமி ஓர் உடலுக்குள் நுழைந்ததிலிருந்து இரண்டுக்கும் நடுவே நடப்பது அத்தனைக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். கோழிப் பண்ணைக் கையேட்டில் எனக்கு வந்த இயலின் தலைப்பே அதுதான். பெயர் இல்லாமல் இயலை எழுதிவிட்டேன். பெண்ணுக்குப் பேர் வைக்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன கதை.

வந்த சொற்களில் "கிருமிப் போர்" வேண்டாம். போரில் இரண்டு பக்கமும் தன் தன் ஆயுதத்தோடு வரும். இங்கே அப்படி இல்லை. கோழிக்கு வைரசால் வரும் வெள்ளைக்கழிச்சல் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வைரசின் மேலுறையில் ஒரு புரதம் உண்டு. கோழியின் செல்லோடு வைரஸ் ஒன்றிக் கலக்க அதுதான் வேண்டும். ஆனால் அது முதலில் வேலைக்கு ஆகாத ஒரே துண்டாகத்தான் உருவாகிறது. இரண்டாக நறுக்கினால்தான் அதற்கு உயிர் வரும். நறுக்கும் கத்தி வைரசிடம் இல்லை, கோழியிடம் இருக்கிறது.

லசோட்டா போன்ற சாதுவான வகைகளில் அந்த வெட்டுமிடம், மூச்சுப் பாதையிலும் குடலிலும் கிடைக்கிற டிரிப்சின் மாதிரியான நொதிகளுக்கு மட்டும்தான் இசையும். அதனால் அவை அந்த வட்டாரத்தைத் தாண்டுவதில்லை. அவற்றையே நாம் கண்ணில் சொட்டாகவும் குடிநீரிலும் தடுப்பு மருந்தாகக் கொடுக்கிறோம். கொடிய வகைகளில் அதே இடத்தில் ஆர்ஜினின், லைசின் போன்ற கார அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கும். ஃபியூரின் என்ற நொதிக்கு அது போதும், வெட்டிவிடும். ஃபியூரினோ ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. அப்புறம் என்ன, மூளை வரைக்கும் வழி திறந்த மாதிரிதான். கழுத்து திருகிக்கொண்டு கோழி சுற்றிச் சுற்றி விழுவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சாதுவுக்கும் கொடியதுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி, கோழியின் எந்தக் கத்தி அதை வெட்டும் என்பதில்தான் இருக்கிறது. அதே வைரஸ் வாத்துக்குள் போனால் பெரும்பாலும் சத்தமே இருக்காது.

இதனால்தான் "நோய்க்காரணி" என்ற சொல்லும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நோய்க்குக் காரணம் அது ஒன்றே என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆர்த்துரோ காசடெவால், லீசான் பிரோஃப்ஸ்கி என்ற இரு நுண்ணுயிரியலாளர்கள் 1999-இல் முன்வைத்த கருத்து இதற்கு நேர் எதிர்: நோய் என்பது கிருமியின் குணம் அல்ல, இரண்டும் சந்தித்ததில் உடலுக்கு விளைந்த சேதம். உடலின் எதிர்ப்பு குறைந்தாலும் சேதம், மிதமிஞ்சினாலும் சேதம். காசநோயில் நுரையீரல் குழியாவதில் பெரும் பங்கு நம் எதிர்ப்புச் செல்களின் வேலைதான்.

கிருமி குடியேறும் உயிருக்கு வைத்த "ஓம்புயிர்" என்ற பெயர் பற்றி ஈரோட்டு ஐயா எழுதியது: "விருந்து கூப்பிட்டது யாருங்க? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைக்கு ஓம்புதல் என்று பெயரா?" சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை. பாடநூல்களில் ஊன்றிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஓம்புதல் விருந்துக்கு மட்டும் உரியதல்ல; உடம்பையும் ஓம்புவோம். கிருமியை ஓம்பும் உயிர் என்று படிக்காமல் தன்னை ஓம்பிக்கொள்ளும் உயிர் என்று படித்தால் பொருத்தமாகவே இருக்கிறது. "விருந்தோம்பி" என்று நீட்டும்போதுதான் அசட்டுத்தனம் வருகிறது.

இடைவினையா ஊடாட்டமா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. இரண்டும் நல்ல பொதுச் சொற்கள். துகளுக்கும் துகளுக்கும் இடைவினை, மருந்துக்கும் மருந்துக்கும் இடைவினை. அந்தப் பொதுமைதான் இங்கே குறை. (எங்கள் பக்கம் ஊடு என்றால் வீடு. ஊடாட்டம் என்றதும் என் அம்மா, "ஊட்டுக்குள்ள என்னடா ஆட்டம்?" என்று கேட்டார். வைரசைப் பொறுத்தவரை சரியான கேள்வி.)

என் முன்மொழிவு: தொற்றுறவு.

உறவு என்றால் இனிப்பு என்று யாராவது சொல்வீர்கள். கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு அப்படிச் சொல்லலாமுங்களா? பங்காளி உறவுதானே, வாய்க்கால் வரப்புத் தகராறு எவ்வளவு தலைமுறை ஓடுகிறது? மேலும் உறவு பிறந்த வேர் "உறு". நோயுறுவதும் அதே உறுதான். அதிலிருந்து வரும் "ஊறு" இன்னும் அருமை: சுவை, ஒளி, ஊறு என்று ஐம்புலனை அடுக்கும்போது தொடுவது என்று பொருள், இடையூறு என்னும்போது தீங்கு. தொடுதலும் தீங்கும் ஒரே வேரில். "தொற்றூறு" என்றே வைக்கலாமா என்றுகூட ஆசை வந்தது. ஊறுகாய் நினைவு வந்து விட்டுவிட்டேன்.

இன்னொரு வசதி, "ஒட்டுறவு" ஏற்கெனவே வாயில் இருக்கிற சொல். பெரும்பாலான தொற்றில் முதல் வேலையே ஒட்டுவதுதான். ஒட்டு இல்லையேல் உறவும் இல்லை.

நேற்று பல்லடத்தில் ஒரு பண்ணைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "கோழிக்கும் சீக்குக்கும் உறவுங்களா? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்கிட்டாங்களா?" என்றார். பிறகு கத்திக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சொந்தக்காரன்தானுங்க. நம்ம அருவாளை வாங்கி நம்மளையே வெட்றவன் வேற யாரு?" என்றார். கையேட்டில் இதைப் போட முடியாதது வருத்தம்.

~

பொள்ளாச்சியிலிருந்து:

அண்ணா, சொல் பிடித்திருக்கிறது. ஒரே ஓர் ஐயம். இரண்டு பேர் என்றால் உறவு சரி. மூன்று பேர் வந்தால்? கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றனவே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரே காலி செய்து ஓடிய நோய். அந்தப் பாக்டீரியா தெள்ளுப்பூச்சியின் குடல்முகப்பில் பிசின் மாதிரிப் படிந்து அடைத்துக்கொள்கிறது. உறிஞ்சிய இரத்தம் உள்ளே போகாது. பூச்சி பசியில் மாறி மாறிக் கடித்து, பாக்டீரியாவைக் கடிவாயிலேயே கக்குகிறது. நம் உடம்பின் 37 பாகை வெப்பத்துக்கு வந்ததும் அதே பாக்டீரியா வேறு வேடம் போடுகிறது: புதிதாக ஓர் உறை போர்த்துக்கொண்டு விழுங்கவரும் செல்களிடம் தப்புகிறது. இதில் எது தொற்றுறவு?

~

ஈரோட்டிலிருந்து:

தம்பி, நான் கரும்புக்காரன், அந்தக் கண்ணால் பார்க்கிறேன். கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912-இல் தொடங்கியதிலிருந்து செவ்வழுகல் என்ற பூஞ்சை நோயோடு மாரடிப்பு ஓயவில்லை. தாங்கும் ரகம் ஒன்றை விடுவார்கள். சில வருடத்தில் பூஞ்சையின் புதிய வகை வந்து அதையும் சாய்த்துவிடும். கோசி 671 எவ்வளவு சர்க்கரை கொடுத்த ரகம், அதையும் இந்த அழுகல்தான் கவிழ்த்தது. கரும்பைப் பிளந்தால் சிவப்பும் நடுவே வெள்ளைத் திட்டும், புளித்த கள் வாசமும். இந்த மாற்றி மாற்றி ஆடுகிற தன்மை "உறவு" என்பதில் வரவில்லை. ஆடுபுலி ஆட்டம் மாதிரி முறைவைத்து ஆடுவது அது. எனக்கு "ஆட்டம்" வேண்டும். "தொற்றாட்டம்" என்று வையுங்கள்.

~

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றிங்க.

அக்கா கேட்டதற்கு: இரண்டு தொற்றுறவுகள். தெள்ளோடு ஒன்று, மனிதரோடு ஒன்று. பெயர் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருப்பது நல்லதுதான். "பிளேக் பாக்டீரியாவின் இரு தொற்றுறவுகள்" என்று எழுதிப் பார்த்தேன், ஓடுகிறது. "இடைவினைகள்" என்று எழுதினால் எத்தனை, எதற்கும் எதற்கும் என்று மறுபடி விளக்க வேண்டியிருக்கும்.

ஐயா சொல்வது நியாயம். ஆனால் அது வேறு கருத்து என்று படுகிறது. ஒரு கரும்புக்குள், ஒரு கோழிக்குள் நடப்பது தொற்றுறவு. ரகமும் பூஞ்சையும் தலைமுறை தலைமுறையாக ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டு போவதற்குத் தனிப் பெயர் தேவை. தொற்றாட்டத்தை அதற்கு எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள். ஆடும் புலியும் மாறி மாறி நகர்வது அங்கேதான் பொருந்தும். காய் நகர்த்த ஒரு பருவம் ஆகும், அவ்வளவுதான்.

இயல் தலைப்பு இப்போதைக்கு "தொற்றுறவு: ஓம்புயிரும் நோயுயிரியும்". நோய்க்காரணியை எடுத்துவிட்டேன். "தொற்றுறவியல்" என்று துறைப் பெயர் வேண்டுமா என்று ஆசிரியர் குழு கேட்கிறது, அதற்கு அவசரம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கோபிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுப் புழுவுக்கு இறங்குகிற பெப்ரின் நோயை உங்கள் ஊரில் என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். தாய்வழித் தொற்றுக்கு நல்ல சொல் அங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.