புதுப்பிப்பு: விஆர்ல நடக்க ஸ்டூல் கன்ட்ரோலர், இப்போ ஓடுது

போன த்ரெட்ல சொன்னேன்ல, விஆர்ல (ஹெட்செட் மாட்டிப் பாக்குற மெய்நிகர் உலகம்) கட்டைவிரலால ஸ்டிக்கைத் தள்ளி நடந்தா தலை சுத்துது, அதுக்குப் பதிலா உக்கார்ற ஸ்டூலையே கன்ட்ரோலரா மாத்தப் போறேன்னு, அது இப்போ நல்லா ஓடுது. சீட்டுக்கு அடில சாய்வைக் கண்டுபிடிக்க ஜைரோ சென்சார், முன்னாடி சாஞ்சா முன்னாடி போகும், எவ்ளோ சாயுறோமோ அவ்ளோ வேகம். கண்ணு நகருதுன்னு சொல்லுது, உள்காது இல்லைங்குது, அந்த முரண்தான் குமட்டலுக்குப் பெரிய காரணம்னு சொல்வாங்க. சாயும்போது உள்காதுக்கும் கொஞ்சம் சேதி போகுது, அதான் இது ஒத்துவருதுன்னு நினைக்கிறேன்.

நிறைய பேர் கேட்டது, ஹெட்செட் பாக்குற பக்கமே போற மாதிரி வச்சா போதாதான்னு. போதாதுங்க. தெருவுல நடந்துகிட்டே பக்கத்துக் கடையைத் திரும்பிப் பாப்போம்ல, அது முடியாம போயிடும், தலை திரும்புனா ஆளே கடைக்குள்ள போயிடுவாரு. அதனால திசை ஸ்டூல்லேந்து, பார்வை தலைலேந்து. நடுவுல டெட்ஸோன், அதாவது கொஞ்சமா சாஞ்சா நகராத இடைவெளி, கட்டாயம் வேணும், இல்லன்னா சும்மா நிமிர்ந்து உக்காந்தாலே நகருது.

நிஜமா நடக்குறதுதான் ரொம்ப இயல்புன்னு 1999லயே ஊசோங்கிற ஆய்வாளரோட குழு பண்ண விஆர் ஆய்வுல வந்துச்சு, மறுக்கல, ஆனா நம்ம ஹால்ல நாலு எட்டு வச்சா சுவர். வீல்சேர்ல இருக்கறவங்களுக்கும் ஒத்துவரணும், அடுத்து சென்சாரை முதுகுச் சாய்மானத்துல வச்சுப் பாக்கப் போறேன்.