எத்தனை அடியில் வயலைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கிளைடர் அவுட்லேண்டிங் அனுபவங்கள்

கிளைடர் ஓட்டும் தமிழர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறோம் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். பறக்காதவர்களுக்கு ஒரு வரி: எங்கள் விமானத்தில் எஞ்சின் கிடையாது. சூடான தரையிலிருந்து எழும் காற்றில், அதாவது தெர்மலில், சுற்றிச் சுற்றி உயரம் ஏறி, அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மலுக்குப் போக வேண்டும். அடுத்தது கிடைக்காவிட்டால் யாருடைய வயலிலாவது இறங்க வேண்டும். அதுதான் அவுட்லேண்டிங்.

நான் நியூ சவுத் வேல்ஸில், டப்போவுக்கு மேற்கே உள்ள நரோமைனில் பறக்கிறேன். போன டிசம்பரில், கிளைடர் ஓட்டுபவர்களுக்கான தகுதிச் சின்னமான கோல்டு பேட்ஜுக்கு வேண்டிய 300 கிலோமீட்டரை முடிக்கக் கிளம்பினேன். எல்எஸ்4 கிளைடர். மதியம் வரை எல்லாம் நன்றாகவே போனது. ஒன்பதாயிரம் அடிக்குக் குறையாமல் தூக்கியது. கடைசிக் கட்டத்தில், உயரத்தில் பஞ்சைப் பிரித்துப் போட்டது போல மெல்லிய மேகம் படர்ந்து வெயிலை மங்க வைத்துவிட்டது. அதோடு டிராங்கி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் பருத்தி. ஈரத் தரை சீக்கிரம் சூடாகாது.

ஊருக்கு 38 கிலோமீட்டர் இருக்கும்போது தரையிலிருந்து 3,800 அடி உயரத்தில் இருந்தேன். போய்ச் சேரும்போது 300 அடி மிச்சம் இருக்கும் என்று கம்ப்யூட்டர் காட்டியது. எல்எஸ்4 ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 40 கிலோமீட்டர் போகும். அது அசையாத காற்றுக்கான கணக்கு. எனக்கோ எதிர்க்காற்று, போதாததற்கு இறங்கு காற்று. அந்த 300 பூஜ்யமானது, அப்புறம் மைனஸ் 200, மைனஸ் 600. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் பறந்துவிட்டேன். அன்று நான் செய்த தவறு அதுதான். கண் தரையில் இருந்திருக்க வேண்டும்.

2,000 அடியில் விழித்துக்கொண்டேன். நெடுஞ்சாலைக்கு வடக்கே கோதுமை அறுத்த பெரிய வயல்கள். 1,500 அடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்: நீளம், காற்றுக்கு நேர், அறுத்து மிஞ்சிய தாள் குட்டை, ஆடுமாடு இல்லை. மூலையில் ஒரு பண்ணை வீடு இருந்தது. இங்கே அதைத்தான் பார்க்க வேண்டும். வீடு இருந்தால் கரண்ட் இருக்கும். கரண்ட் எந்தப் பக்கமிருந்து வருகிறது? ஆஸ்திரேலியக் கிராமப்புறங்களில் ஒற்றைக் கம்பி மின்பாதை உண்டு. கம்பம் கம்பத்துக்குப் பல நூறு மீட்டர் இடைவெளி. மேலிருந்து கம்பி தெரியவே தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். மரவரிசைக்குள் ஒரு கம்பம் மறைந்து நின்றது. அடுத்தது எங்கோ வயலுக்கு அந்தப் பக்கம். இரண்டையும் மனதில் கோடு போட்டு இணைத்தால், நான் இறங்க நினைத்த வழிக்குக் குறுக்கே போகிறது. பக்கத்து வயலுக்கு மாறினேன். உயரம் இருந்ததால் மாற முடிந்தது.

சக்கரத்தை இறக்கி, வயலுக்கு இணையாகக் காற்றோடு போகும்போது 900 அடி. அப்போது பார்த்து வேரியோ, அதாவது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சத்தத்தால் சொல்லும் கருவி, கீச்சிட்டது. இரண்டு நாட் ஏற்றம், நிமிடத்துக்குச் சுமார் இருநூறு அடி! கை தானாகவே ஸ்டிக்கைச் சாய்க்கப் பார்க்கிறது. இத்தனை மணி நேரமாக அந்தச் சத்தம் கேட்டால் திரும்பு என்றுதானே உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறோம். நான் வேரியோவின் சத்தத்தை முழுசாகக் குறைத்தேன். சீக்கிரம் கீழிறங்க உதவும் இறக்கைத் தகடுகளான ஏர்பிரேக்கைத் திறந்து, திரும்பி, இறங்கினேன். தாள் அடிவயிற்றில் படபடவென்று அடித்தது; தூசி கிளம்பியது; நின்றுவிட்டது. மேலே மூடியைத் திறந்ததும் ஈக்கள்.

பத்து நிமிடம் கழித்து, அதே இடத்தில் இரண்டு கழுகுகள் இறக்கையே அடிக்காமல் ஏறிக்கொண்டிருந்தன. தெர்மல் நிஜமாகவே இருந்திருக்கிறது. ஆனாலும் இறங்கியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த உயரத்தில் அது நிலைக்குமா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. நிலைக்காவிட்டால் கையில் வயலும் இல்லை, உயரமும் இல்லை.

பண்ணைக்காரர் வண்டியில் நாயோடு வந்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்று: கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள், மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்து.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். எத்தனை அடியில் முடிவெடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

* * *

அண்ணா, உங்கள் ஊர் வயலைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நான் இங்கிலாந்தில், டன்ஸ்டபிளில் பறக்கிறேன். இங்கே கம்பியை விடப் பெரிய தொல்லை பயிரும் சரிவும். ஜூலையில் அறுவடைக்கு முன்னால் பாதி நாடு இடுப்புயரக் கோதுமையாக நிற்கும். அதில் ஓர் இறக்கை சிக்கினால் கிளைடர் அப்படியே சுழன்று வால் முறிந்துவிடும். சரிவு மேலிருந்து எளிதில் தெரியாது. 1,500 அடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த வயலை விட்டுவிட வேண்டியதுதான். மிதமான சரிவென்றால் ஏற்றமாகத்தான் இறங்க வேண்டும், காற்று பின்னாலிருந்து வந்தாலும் சரி.

எனக்கு நடந்தது வேறு. 1,800 அடியிலேயே ஒரு புல்வெளியைத் தேர்ந்தெடுத்து, ஒரு குறையும் இல்லாமல் இறங்கினேன். வேலிப் புதர் நிழலில் இருபது இளங்காளைகள் படுத்திருந்ததை மேலிருந்து பார்க்கவில்லை. எல்லாம் எழுந்து வந்துவிட்டன. மாட்டுக்குக் கிளைடரை நக்கப் பிடிக்கும், உரசவும் பிடிக்கும். இறக்கையின் பின்விளிம்பு அந்த எடையைத் தாங்காது. கிளைடரைக் கழற்றி ஏற்றிப் போகும் டிரெய்லர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் தொப்பியை வீசிக்கொண்டே கிளைடரைச் சுற்றி நடந்தேன்.

அதிலிருந்து காரில் போகும்போதெல்லாம் வயல்களைப் பார்க்கிறேன். இந்த மாதம் எந்தப் பயிர் என்ன நிறம், முழங்கால் உயரமா இடுப்பு உயரமா என்று. எங்கள் கிளப்பில் மோட்டார் கிளைடரில் கூட்டிப் போய், எஞ்சினைக் குறைத்துவிட்டு "இப்போது வயலைத் தேர்ந்தெடு" என்று பயிற்சியும் தருவார்கள். முடிந்தால் வருடா வருடம் செய்யுங்கள்.

* * *

நான் பறப்பதில்லை. என் வீட்டுக்காரர் பறப்பார், நான் டிரெய்லர் ஓட்டுவேன். தரையில் காத்திருப்பவர்களின் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இறங்கியதும் எங்களுக்கு வரவேண்டிய செய்தி இரண்டே விஷயம்: நலம், இருக்கும் இடம். ஏன் இறங்கினேன், எந்த மேகம் ஏமாற்றியது என்பதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடங்களில் பறப்பவர்கள் தயவு செய்து சாட்டிலைட் டிராக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவர் நேரத்துக்கு வந்து இறங்கினார். நல்ல நாள் என்றார். ராத்திரி அவருடைய பறப்புப் பதிவை லேப்டாப்பில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் இடத்தில் தரையிலிருந்து 420 அடியில் மூன்று சுற்று சுற்றியிருக்கிறார். நான் ஓட்டாவிட்டாலும் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். மெதுவாக, இறுக்கித் திரும்பும்போது ஓர் இறக்கை தூக்குதலை இழந்தால் கிளைடர் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை. கீழே இறங்க வயல் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். பிறகு ஏன் என்றேன். "உன்னை அவ்வளவு தூரம் வரவைக்க வேண்டாமே என்று நினைத்தேன்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நடுராத்திரியில் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி வர எனக்கு ஒரு சிரமமும் இல்லை, அந்த மூன்று சுற்று மட்டும் வேண்டாம்" என்று சொன்னேன்.

இப்போதெல்லாம் அவர் கிளம்பும் முன் டிரெய்லரைக் காரில் மாட்டி, டயர் காற்றும் பின்விளக்கும் பார்த்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் காக்பிட்டில் ஏறுகிறார்.